காலையில் எழ மறுக்கும் கார்



இந்தப் பகுதியில் வழக்கமாக வீட்டுக்குள் இருக்கும் பொருள்களைப் பற்றியே எழுதி வருகிறோம். இம்முறை வீட்டு வாசலில் நிற்கும் ஒன்றைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. கிருஷ்ணகிரி மாவட்டம் நாகரசம்பட்டியிலிருந்து ஒரு சகோதரர் எழுதிய கடிதமே அதற்குக் காரணம்.

அவரிடம் இருப்பது 1996ஆம் ஆண்டு மாருதி 800. கார்பரேட்டர் உள்ள வண்டி. அவருடைய தந்தையார் பெங்களூரில் ஒருவரிடமிருந்து வாங்கி வந்தது. வயதான தாயாரை வாரம் இருமுறை டயாலிசிஸ் சிகிச்சைக்காக அதிகாலையில் கிருஷ்ணகிரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மார்கழி பிறந்ததிலிருந்து சுபுஹு தொழுது வந்து சாவியைத் திருப்பினால் வண்டி எழுவதில்லை. பத்து, பதினைந்து நிமிடம் போராடிய பிறகே உயிர் வருகிறது. அப்படி ஒருமுறை கிளம்பிவிட்டால் அன்று முழுவதும் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிறது. புது பேட்டரி போட்டாயிற்று, பிளக் மூன்றும் மாற்றியாயிற்று, பயனில்லை. இப்போது ஒரு பட்டறையில், "என்ஜினை இறக்கித்தான் பார்க்க வேண்டும்" என்கிறார்களாம். அதற்குச் சொல்லும் தொகை, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்திருக்கும் தொகைக்கு ஏறக்குறையச் சமம். "இறக்கலாமா, அல்லது வண்டியையே விற்றுவிடலாமா?" என்று கேட்கிறார்.

இரண்டும் இப்போது வேண்டாம் என்பதே நம் கருத்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். இவரைப் போன்றே பழைய வண்டியோடு காலந்தள்ளும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியிலும், அம்பாசடர் அதே ஆண்டு மே மாதத்திலும் நின்றுவிட்டன. ஆயினும் அவற்றை ஓட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பெட்ரோல் என்ஜின் உயிர் பெற மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். என்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். உரிய நேரத்தில் பிளக்கில் தீப்பொறி எழ வேண்டும். காற்றோடு உரிய அளவு பெட்ரோல் கலந்து உள்ளே வந்து, அங்கே நன்றாக அழுத்தப்பட வேண்டும். இவற்றுள் எது குறைகிறது என்று முதலில் பிரித்தறியாமல் ஒவ்வொரு பொருளாக மாற்றிக்கொண்டே போவதுதான் பணம் கரையும் வழி. நாகரசம்பட்டிச் சகோதரர் விஷயத்தில் நடந்தது அதுவே. பேட்டரிக் கடைக்காரர் பேட்டரியைச் சொன்னார், பிளக் விற்றவர் பிளக்கைச் சொன்னார், பட்டறைக்காரர் என்ஜினைச் சொல்கிறார். எவரும் பொய் சொன்னார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் காலையில் அந்த வண்டி என்ன செய்கிறது என்பதை அருகில் நின்று பார்த்தவர் அவர்களில் எவருமில்லை. பட்டறைக்கு வந்து சேரும்போது வண்டி சூடேறி நன்றாகவே இருந்திருக்கும். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் காலை நேரத்துச் சான்று கிடைக்கும். ஆகவே நோயைக் கண்டறியும் வேலையில் பாதி உங்களுடையது.

முதல் சான்று ஓசை. சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஒற்றைச் சத்தமோ, 'டக டக டக' என்ற தொடர் சத்தமோ மட்டும் கேட்டு என்ஜின் அசையாமல் இருந்தால், மின்சாரம் போதவில்லை. 'கிர்ர்... கிர்ர்...' என்று இழுத்து இழுத்துச் சுற்றினாலும் அப்படியே. சுறுசுறுப்பாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். தீப்பொறியோ பெட்ரோலோதான் தகராறு. ஒரு வார்த்தையும் பேசாமல் இதைக் கவனித்து வைத்தாலே போதும். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கூட இந்த வேறுபாட்டை ஒரே நாளில் பழகிவிடலாம்.

முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்ப்பது இன்னொரு எளிய சோதனை. விளக்கு அறவே மங்கி அணைந்துபோவது போலானால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது அதன் இணைப்புகள் கெட்டிருக்கின்றன. விளக்கு மங்காமல் எரிந்து, செல்ஃப் மட்டும் அசையாமல் கிடந்தால், பழுது செல்ஃப் மோட்டாரின் சுவிட்சிலோ அதற்குச் செல்லும் ஒயரிலோ இருக்கலாம்.

வீட்டில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வைத்துக்கொள்வது நல்லது; விலை சில நூறு ரூபாய்தான். இரவு முழுதும் நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்கும் கீழே என்றால் காலி என்றே கொள்ளலாம். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அதற்கும் குறைந்தால், எத்தனை புது பேட்டரி போட்டாலும் அது நிறையப் போவதில்லை. ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

பேட்டரியைக் குற்றம் சொல்வதற்கு முன் அதன் இரு முனைகளையும் பாருங்கள். வெண்பச்சை நிறத்தில் உப்புப் பூத்திருந்தால், ஆப்ப சோடா கரைத்த வெந்நீர் விட்டுத் துலக்கி, துடைத்து, இறுக்கிவிட்டாலே பல வண்டிகள் எழுந்துவிடுகின்றன. கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். பலர் மறந்துவிடும் பொருள் ஒன்றுண்டு. என்ஜினுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ஓடும் தடித்த எர்த் ஒயர். இருபது, முப்பது ஆண்டு வண்டியில் அதன் நட்டு துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை என்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் பாதையில் கோளாறு. ஆயிரக்கணக்கில் போன பேட்டரிச் செலவை, சுரண்டித் துடைக்க ஓர் உப்புத்தாள் மிச்சப்படுத்தியிருக்கலாம்.

கார் ஓட்டுவோர் செல்ஃப் மோட்டாரைப் பெரும் பேறாக நினைக்க வேண்டும். 1912இல் அமெரிக்காவின் கேடிலாக் காரில் அது வருவதற்கு முன், முன்புறம் கம்பியைச் செருகிக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அம்பாசடர் வண்டிக்கும் அப்படியொரு கைப்பிடிக் கம்பி உண்டு என்பது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

சரி, நம் சகோதரரின் வண்டி சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறார். ஆகவே மின்சாரம் குறையவில்லை. பழைய பேட்டரியே இன்னும் உழைத்திருக்கக் கூடும்.

அடுத்தது தீப்பொறி. காலையில் பத்து விநாடி சுற்றியும் பிடிக்காத வண்டியின் பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் அது கதை சொல்லும். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. எலும்பாய்க் காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசை இருந்தால் என்ஜின் தேய்மானம். எத்தனையோ வண்டிகளில் இந்தக் கதையைப் படிக்காமலே புது பிளக்கை மாட்டிவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சான்றை எறிந்துவிட்ட பிறகு வழக்கை எப்படி விசாரிப்பது?

பழைய அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட், கன்டென்சர் என்று இரண்டு சிறு உறுப்புகள் உண்டு. பாயிண்ட் இடைவெளி தேய்ந்து மாறினாலும், அதன் முகத்தில் கரி படிந்தாலும் பொறி மெலியும். பின்னால் வந்த வண்டிகளில் எலக்ட்ரானிக் இக்னிஷன் இந்தத் தொல்லையை நீக்கியது. எந்த வண்டியானாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால், பனி ஈரம் படிந்த காலையில் மின்சாரம் அந்த விரிசல் வழியே ஓடிவிடும். வெயில் ஏறிக் காய்ந்ததும் வண்டி ஒழுங்காகிவிடும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்ததும் வண்டி எழுந்தால் குற்றவாளி அகப்பட்டான். பிளக் ஒயரைக் கையில் பிடித்துப் பொறி பார்ப்பது நம் ஊர் வழக்கம். அது கடும் அதிர்ச்சி தரும், அருகில் பெட்ரோல் ஆவி இருந்தால் தீயும் பற்றும். அந்த வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள்.

சகோதரரின் கடிதத்தில் ஒரு வரி முக்கியமானது. கழற்றிய பழைய பிளக் மூன்றும் காய்ந்திருந்தன என்கிறார். அவர் அதைப் பெரிதாக எண்ணாமல் எழுதியிருக்கிறார். நமக்கோ விடை அங்கேதான் இருப்பதாகப் படுகிறது. குளிர்ந்த என்ஜினுக்குப் போதிய பெட்ரோல் போய்ச் சேரவில்லை.

பெட்ரோல் திரவமாக இருக்கையில் எரியாது, ஆவியானால்தான் எரியும். குளிர்ந்த என்ஜினுக்குள் பெட்ரோலின் ஒரு பகுதியே ஆவியாகிறது; மீதி சுவர்களில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. ஆகவே குளிரில் வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோல் கொடுத்தாக வேண்டும். அதற்காகவே டாஷ்போர்டில் சோக் என்னும் குமிழ் இருக்கிறது. அதை இழுத்தால் கார்பரேட்டரின் வாயில் உள்ள தகடு மூடிக்கொள்ளும். காற்று குறைந்து, உறிஞ்சும் வேகம் கூடி, பெட்ரோல் தாராளமாக வரும். சூடேறிய பின் இந்த உபகாரம் தேவையில்லை. காலையில் மட்டும் தொல்லை, பகலெல்லாம் நலம் என்னும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது சோக்தான்.

பார்ப்பது எப்படி? என்ஜின் ஓடாதபோது ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டுக் கார்பரேட்டரின் வாயைப் பாருங்கள். வீட்டில் ஒருவரைச் சோக் குமிழை முழுவதும் இழுக்கச் சொல்லுங்கள். தகடு வாயை முற்றிலும் அடைக்க வேண்டும். முக்கால் பங்கு மூடி நின்றுவிட்டால், கேபிள் நீண்டிருக்கிறது, அல்லது அதைப் பிடிக்கும் சிறு திருகு நழுவியிருக்கிறது. குமிழ் கையோடு வருகிறது என்பதால் தகடும் மூடுகிறது என்று நம்பிவிடக் கூடாது. பழைய வண்டிகளில் இது மிகச் சாதாரணமான கோளாறு. சரி செய்யக் கால் மணி நேரமும் ஆகாது.

இத்துடன் நாகரசம்பட்டிக்கென்று இரண்டு சிறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒசூரும் ஏறக்குறைய அப்படியே. அங்கிருந்து கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கினால் உயரம் சுமார் 500 மீட்டராகக் குறைகிறது. மேலே காற்று மெல்லியது, கீழே அடர்த்தியானது. மேட்டில் சிக்கனமாகத் திருகி வைத்த கார்பரேட்டர், கீழே வந்தால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைத் தராது. வேறுபாடு சிறிதுதான், ஆனால் ஏற்கெனவே தடுமாறும் வண்டிக்கு அதுவும் சுமை.

இரண்டாவது காரணம் பெட்ரோலே. நாட்டில் எத்தனால் கலப்பு 2022இல் பத்து விழுக்காட்டை எட்டியது. 2025இல் இருபதை எட்டியது. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. எரிய அதற்குத் தேவைப்படும் காற்றும் குறைவு. கம்ப்யூட்டர் பொருத்திய இன்றைய வண்டிகள் சென்சார் கொண்டு இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. என்றோ துளையிட்ட ஜெட் வழியே என்றோ கணக்கிட்ட அளவையே ஊற்றும். ஆகவே அதே வண்டி, அதே சோக், ஆனால் முன்பைவிடக் காலைக் குளிரில் பிடிப்பது கடினம். பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் கெடுக்கும். தொட்டியில் ஊறிக் கிடந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டரை அடைக்கும். குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். விறைத்து வெடித்திருந்தாலோ, கொழகொழத்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கசிவு, ஸ்டார்ட் ஆகாத தொல்லையைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. இந்தக் கலப்பால் பழைய வண்டிக்குப் பெரிய தீங்கில்லை என்று சொல்லப்படுகிறது. கார்பரேட்டர் வண்டியைப் பொறுத்தவரை அதை அப்படியே ஏற்க நமக்கு மனமில்லை.

சோக் சரியாக மூடியும் பிளக் காய்ந்தே இருந்தால், பெட்ரோல் பம்பைப் பார்க்க வேண்டும். கார்பரேட்டர் மாருதியில் அது என்ஜின் சுற்றினால்தான் இயங்கும் சிறு கருவி. உள்ளிருக்கும் ரப்பர்ச் சவ்வோ வால்வோ தேய்ந்தால், இரவில் பெட்ரோல் தொட்டிப் பக்கம் பின்வாங்கிவிடும். காலையில் நெடுநேரம் சுற்றினால்தான் மீண்டும் வந்து சேரும். கண்டறிய ஒரு வழி: ஒருநாள் இரவு நின்றால் தொல்லை, மூன்று நாள் நின்றால் மேலும் பெருந்தொல்லை என்றிருந்தால் பெட்ரோல் வற்றுவதே காரணமாகலாம். எத்தனை நாள் நின்றாலும் ஒரே அளவுதான் தொல்லை என்றால் சோக்கின் மீதே சந்தேகம் வலுக்கிறது. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைகிறது என்பது வேறு நோய். கார்பரேட்டரில் உள்ள சிறு சோலனாய்டு, சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்று ஒலிக்கிறதா என்று கேளுங்கள்.

அவசரத்தில் சோக்கை இழுத்தபடியே மீண்டும் மீண்டும் செல்ஃப் அடித்தால் எதிர்மாறான சங்கடம் வரும். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும், பிளக் நனைந்துவிடும். அப்போது சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். காற்று மிகுந்து வந்து ஈரம் உலரும். ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் சுற்ற வேண்டாம். அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள்.

இப்போது என்ஜினை இறக்கும் கேள்விக்கு வருவோம். சோக், பெட்ரோல், பொறி மூன்றும் சரியென்று உறுதியான பின்னும் வண்டி எழவில்லை என்றால், அழுத்தம் குறைகிறதா என்று பார்ப்பது நியாயமே. அதற்கும் முதலில் டேப்பட் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். அது இறுகிவிட்டால் வால்வு முழுமையாக மூடாது, அழுத்தம் வெளியேறும். ஃபீலர் கேஜ் கொண்டு சரி செய்வது அரைநாள் வேலை கூட இல்லை. (2000ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து நாடெங்கும் ஈயமில்லாப் பெட்ரோலே விற்கப்படுகிறது. பழைய அம்பாசடரின் இரும்பு வால்வு இருக்கைகள் ஈயப் பெட்ரோலுக்காக ஏற்பட்டவை. அவை விரைவாகத் தேய்ந்து இந்த இடைவெளி தானே குறையும். அவ்வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்கவும்.)

அதன் பிறகு கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால், அதுவும் கையேட்டில் உள்ள அளவுக்கு நெருங்கி இருந்தால், என்ஜினில் கை வைக்க ஏதும் இல்லை. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், அந்தப் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் வால்வில் கசிவு. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்; முழு என்ஜினையும் இறக்க வேண்டியதில்லை. இந்தக் கேஜ் எண்களைக் காட்டாமல் "இறக்கித்தான் பார்க்க வேண்டும்" என்று சொல்பவரிடம், எண்ணைக் கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டாம். கல்லூரிக் கட்டணத்தை அந்த எண் வரும்வரை தொடாதீர்கள். சோக்கில் விடை கிடைத்துவிட்டால் வண்டியை விற்கும் பேச்சுக்கும் இடமில்லை.

சிலருக்கு இதற்கு நேர்மாறான தொல்லை: காலையில் நலம், வெயிலில் கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. நின்ற என்ஜினின் சூடு மேலேறிக் கார்பரேட்டரில் உள்ள பெட்ரோலைக் கொதிக்க வைப்பதே பெரும்பாலும் காரணம். பானெட்டைத் திறந்து வைத்து, சோக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்து முயலுங்கள். அடிக்கடி நேர்ந்தால் இக்னிஷன் காயிலும் சூட்டில் கெடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மெக்கானிக் வந்து பார்க்கும் வரை தாயாரின் சிகிச்சை காத்திருக்காதல்லவா? கைக் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது பேட்டரி சோர்ந்தபோது உதவும். பெட்ரோல் வராத வண்டிக்கு அதனால் பெரும்பயன் இல்லை. சிலர் கார்பரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக் கிளப்புவார்கள்; என்ஜின் எதிர்த்து உமிழ்ந்தால் முகமே கருகும், ஒருபோதும் செய்யாதீர்கள். குளிருக்குப் பயந்து ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு என்ஜினை ஓடவிடுவதும் உயிருக்கு ஆபத்து; புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

பேட்டரி சோர்ந்த இரவுக்கென்று ஒரு ஜோடி ஜம்பர் கேபிள் வண்டியில் இருக்கட்டும். இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். சிவப்புக் கேபிளின் ஒரு முனையைச் சோர்ந்த பேட்டரியின் பிளஸிலும், மறு முனையை நல்ல பேட்டரியின் பிளஸிலும் மாட்டுங்கள். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறு முனையைச் சோர்ந்த வண்டியின் பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி என்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் பிடியுங்கள். கடைசி இணைப்பில் எழும் சிறு பொறி பேட்டரியிலிருந்து கசியும் வாயுவைப் பற்றவைக்காமலிருக்கவே இந்த ஏற்பாடு. நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்கள் சாவியைத் திருப்புங்கள். வண்டி எழுந்ததும் மாட்டிய வரிசைக்கு நேர் எதிராக, என்ஜினில் பிடித்த கறுப்பு முனையை முதலில் எடுங்கள்.